விரல் எழும் வரை

வாசிப்பு நடக்கும் வேளையில் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது. அதன் முனகல் ஒலிப்பதிவில் ஏறிவிடும். ஆகவே அதை நிறுத்திவிட்டு, வாசற்கதவின் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து யாராவது வெளியே போக வேண்டுமென்றால் சாவிக்காக அதைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருட்டாக இருக்கும். இருட்டைக் கண்டதும் மீண்டும் ஓடவிட நினைவு வரும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு அந்த வீட்டில் பால் கெட்ட நாட்கள் பல. கண்டுபிடித்த பிறகு கெட்ட நாட்கள் சில.

வீடு, ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் இருந்தது. அதன் பின்னறையில் சன்னல் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்களுக்காகக் கட்டப்பட்ட அந்த அறையின் சுவர்களில் கிழிந்த மெத்தைகளை நிறுத்தி, அவற்றின் மேல் கனமான போர்வைகளையும் யாரும் அணியாத கம்பளிக் கோட்டுகளையும் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் தெருவின் இரைச்சல் அறுந்துவிடும். புதிதாக உள்ளே வருபவர்களுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். பழகியவர்களுக்கு அதுவே பணியிடம்.

அங்கே மூன்று பேர் வேலை செய்தார்கள். ஒருவன், ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவன். கடை போய்விட்ட பின்பும் தெரு அவனை ரேடியோ என்றே அழைத்தது. இன்னொருத்தி அவன் மனைவி. பள்ளியில் அறிவியல் கற்பித்தவள். பணியை விட்ட பின்பும் எல்லாருக்கும் அவள் டீச்சர். மூன்றாமவள் ரேடியோவின் அக்கா, சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் விளிம்பு கட்டும் அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்தாள். டீச்சர் அவளை அண்ணி என்று கூப்பிடுவாள்.

டீச்சர் எழுதிய சிறு புத்தகங்கள்தாம் அவர்களுடைய சரக்கு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் ஒலிப்பதிவு உண்டு. வானம் ஏன் நீலமாக இருக்கிறது, இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது, விதைக்கு மேல் எது கீழ் எது என்று எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொரு பாடமும் ஒரு கேள்வியைச் சுற்றி நடக்கும். மாணவர்கள் வாங்கினார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களும், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களும் வாங்கினார்கள்.

தொடக்கத்தில் டீச்சர் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விட்டு, பதிலைத் தொடங்கிவிடுவாள். ஒரு நாள் காஜா எடுத்துக்கொண்டே கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா குறுக்கே பேசினாள்.

"கேள்வி கேட்டுட்டு நீயே பதிலும் சொல்லிடுற. அப்புறம் என்னைய எதுக்குக் கேட்ட?"

"உங்களக் கேக்கல அண்ணி. படிக்கிற பிள்ளைங்களக் கேட்டேன்."

"அந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் மூளை ரயில்லயா வருது?"

பதிவு கெட்டுப்போனதற்காக ரேடியோ சினந்தான். டீச்சர் சினக்கவில்லை. மறுநாள் ஒரு நாற்காலியைத் தன் எதிரே போட்டாள். அக்கா அதில் உட்கார வேண்டும். டீச்சர் வாசிக்கும் கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் மனத்துக்கு எட்டியதும் சுட்டுவிரலை உயர்த்த வேண்டும். விரல் எழும் வரை யாரும் பேசக் கூடாது. இதுவே விதி. எழாவிட்டால்? எழாவிட்டால் காத்திருக்க வேண்டும். எல்லா விதியும் இப்படித்தான். மீற ஆசை வரும்போதுதான் அதற்கு வேலை.

அந்த நாற்காலிக்கு அக்காவைவிடத் தகுந்தவர் இல்லை. பள்ளியில் அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசை பதிலைக் கத்திவிடும். அவளுக்குப் பதில் வந்து சேரும்போது வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். ஒரே வகுப்பில் மறுபடியும் உட்காரவைத்தார்கள். மறுபடியும் கத்தினார்கள். மந்தம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். மந்தமில்லை, அவள் கேள்வியைச் சுற்றிவந்து, எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்த்த பிறகே உள்ளே நுழைபவள். காஜாவையும் அப்படித்தான் எடுப்பாள். அவள் கட்டிய விளிம்பு, சட்டை கிழிந்தாலும் பிரியாது.

இவ்வாறு அந்தப் பதிவுகளில் மௌனம் குடியேறியது. சில இடங்களில் சிறிது. சில இடங்களில், கேட்பவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

கடைகள் புத்தகம் வாங்குவதைக் குறைத்த பருவத்தில்தான் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மாணவர்களின் கைப்பேசிக்குப் பாடங்களைக் கொண்டுசேர்க்கும் கம்பெனி. எல்லாப் பதிவுகளையும் எடுத்துக்கொள்கிறோம், ஊர் ஊராகக் கேட்பார்கள் என்றார்கள். ரேடியோ அன்று தலைவாரிக்கொண்டு தெருவுக்குப் போய்வந்தான். ஒரு மாதிரிப் பாடத்தை அனுப்பிவைத்தார்கள். அது, கம்பெனியின் கையால் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது.

மதிய உணவு வேளையில் அதைக் கேட்டார்கள். வெளியே மழை. மேசையில் ரொட்டியும் பருப்பு சூப்பும்.

பாடம் மின்னலையும் இடியையும் பற்றியது. ரேடியோ அதற்காகப் பெரிதும் பாடுபட்டிருந்தான். ஒரு சுவிட்சைத் தட்டினால் 'டக்', அது மின்னல். தகரத்தை உலுக்கினால் இடி. இரண்டுக்கும் இடையில் கேட்பவர் எண்ண வேண்டும். எண்ணினால் மின்னல் எவ்வளவு தூரத்தில் வெட்டியது என்று தெரியும். டீச்சரின் குரல் தெளிவாக வந்தது: "இப்போது மின்னலைக் கேளுங்கள். பிறகு மெதுவாக எண்ணுங்கள்."

டக்-டமார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இம்முறை மின்னல் வெகு தொலைவில் வெட்டுகிறது," என்றது குரல்.

டக்-டமார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னடா இது? தொலைவுலங்கிறா. தலைமேலல்லவா விழுது!"

"மெஷின் வெட்டிடுச்சுக்கா. சத்தமில்லாத எடத்தையெல்லாம் அதுவா தேடி எடுத்துடும்."

"எண்ணச் சொல்லிட்டு எண்ண விடலன்னா எப்படி? இதக் கேட்ட பிள்ளைங்கெல்லாம் இந்நேரம் கருகிப்போயிருக்கும்."

டீச்சர் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அடுத்த கேள்வி ஒலித்தது; கேள்விக்குறியின் வாலைப் பிடித்துக்கொண்டே பதிலும் வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அவளுடைய குரல், தானே கேட்டுத் தானே சொல்லி, மூச்சுவிடாமல் ஓடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் குரலைப்போல இருந்தது.

அக்கா எழுந்து சூப்பை மறுபடியும் சூடாக்கப் போனாள். அது ஆறியிருக்கவில்லை.

அன்று மாலையே டீச்சர் கம்பெனியோடு பேசினாள். கம்பெனிக்காரர் மன்னிப்புக் கேட்டார். இடி பாடத்தை வெட்டாமல் விட்டுவிடலாம், மற்றவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். அமைதி வந்தால் கேட்பவர்கள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்களாம்.

"யோசிக்கணும்னா நிறுத்திக்கலாமே மேடம். நிறுத்துறதுக்குப் பொத்தான் இருக்கு."

"இங்க நிறுத்தி யோசிக்கணும்னு தெரிஞ்சு பொத்தான அமுக்குற பிள்ளைக்கு நான் எதுக்கு? அது எப்படியும் படிச்சிடும். அமுக்கத் தோணாத பிள்ளைக்குத்தான் நான் படிக்கிறேன்."

கம்பெனிக்காரர் அதை நல்ல கருத்து என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் வெட்ட வேண்டும் என்றார்.

ரேடியோ அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "எல்லாத்துக்கும் முறைச்சுக்கிட்டே இரு. நீ பேசுறது யாருக்குக் கேக்குது இப்ப? கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சிருக்கிற புத்தகத்துக்கா?"

"ஏங்க, அந்தப் பதிவ நீங்களும்தானே கேட்டீங்க?"

"கேட்டேன். கொஞ்சம் அவசரமாத்தான் இருந்துச்சு. அதுக்காக? ஒண்ணுமே கேக்காம போறதுக்கு அவசரமா கேட்டா என்ன குறைஞ்சுபோச்சு? ஊர்ல எத்தனை பிள்ளைங்க இருக்கு. அதுங்க காதுல போய் விழ வேண்டாமா?"

டீச்சருக்கு அங்கேதான் கால் இடறியது. அத்தனை பிள்ளைகள் என்ற சொல்லை அவளால் தாண்ட முடியவில்லை. ஆசிரியர்களின் பலவீனம் அது. "சரி, ஒரு பாடம் நிறுத்தாம படிக்கிறேன். அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

அக்கா மறு அறையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ஊசி ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

குறித்த நாளின் காலையில் கம்பெனிக்காரர் நனைந்த குடையோடு மாடியேறி வந்தார். இளைஞர்; மரியாதை தெரிந்தவர்; செருப்பை வரிசையாக விட்டார். ரேடியோ அவரிடமிருந்து கைப்பேசியை வாங்கி, சாவியோடு சேர்த்து ஃபிரிட்ஜுக்குள் வைத்தான்.

"சார், என் போனு..."

"பயப்படாதீங்க. கெட்டுப்போகாது."

அறைக்குள் போனார்கள். அக்கா ஏற்கெனவே தன் நாற்காலியில் இருந்தாள். ரேடியோ அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, இன்னிக்கு நீ உக்கார வேண்டாம்."

"ஏன், நாற்காலிய வித்துட்டியா?"

"அதுக்கில்ல. இன்னிக்கு நிறுத்தாம படிக்கிறதா பேச்சு."

"படிக்கட்டுமே. நான் என்ன அவ வாயயா பிடிச்சுக்கிட்டிருக்கேன்? நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். கதவச் சாத்து."

கம்பெனிக்காரருக்கு ஒரு முக்காலி கிடைத்தது. ரேடியோ ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பதிவை நிறுத்தும் பொத்தானின் அருகே கையை வைத்துக்கொண்டான். டீச்சர் வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டாள். வாசிக்கும் முன் அவள் பால் தொடமாட்டாள். குரலில் சளி கட்டும்.

அன்றைய பாடம் கண்ணாடி. ஒளி எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்று தொடங்கினாள். சொற்கள் ஒழுங்காக வந்தன. கம்பெனிக்காரர் மெச்சித் தலையாட்டினார். பிறகு கேள்வி வந்தது.

"கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். வலக்கையைத் தூக்கினால் கண்ணாடியில் இருப்பவர் இடக்கையைத் தூக்குவதுபோல் தெரிகிறது. இடதும் வலதும் மாறிவிட்டன என்கிறோம். அப்படியானால் மேலும் கீழும் ஏன் மாறவில்லை? தலை ஏன் தலைகீழாகத் தெரியவில்லை?"

அடுத்த வரியில் பதில் இருந்தது. அவள் கண் அதன்மேல்தான் நின்றது. வாசிப்பதாகத்தான் பேச்சு. உதடு பிரிந்தது. பழக்கம் பொல்லாதது, கண் தாளை விட்டு உயர்ந்து, எதிர் நாற்காலிக்குப் போயிற்று. அக்காவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டீச்சர் உதட்டை மூடிக்கொண்டாள்.

மெத்தைச் சுவர்களுக்குள் அமைதி நிறைந்தது. முதலில் கம்பெனிக்காரர் மரியாதையாகக் காத்திருந்தார். பக்கத்தைத் தவறவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவினார். கைப்பேசி அங்கே இல்லை. ரேடியோவைப் பார்த்து இரண்டு விரல்களால் கத்தரி வெட்டிக் காட்டினார்.

ரேடியோவின் விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. அமுக்கியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். அமுக்குவதற்கு முன் அக்காவைப் பார்த்தான்.

அவள் புருவம் நெருங்கியிருந்தது. மடியில் கிடந்த வலக்கையின் விரல், யாருக்கும் தெரியாதபடி, மேலே ஒருமுறை காட்டியது, கீழே ஒருமுறை, பிறகு பக்கவாட்டில். திரும்பவும் மேலே. அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். ஒரே வகுப்பில் அவளை மறுபடியும் உட்காரவைத்தபோது, தம்பியும் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்திருந்தான். அவள் கடைசி வரிசையில் இதே முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். முன்வரிசையில் கத்தியவர்களில் எல்லாரையும்விட உரத்த குரல் அவனுடையது.

அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். எடுத்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

கம்பெனிக்காரரால் பொறுக்க முடியவில்லை. "சார், நிறுத்திடலாமா?" என்றார்.

"உஷ்."

"சார்?"

"அக்கா யோசிக்குது."

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். தாம் மட்டுமே சிரிப்பதைக் கண்டு நிறுத்தினார். "மேடம், வேணும்னா இந்த எடத்துல சின்னதா ஒரு மியூசிக் போட்டுடலாம்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, மியூசிக் வந்தா நான் மியூசிக்கத்தான் கேப்பேன். அப்புறம் எப்ப யோசிக்கிறது?"

"அதுக்கில்லம்மா. அமைதி வந்தா பசங்க போயிடுறாங்க. நாங்க பாத்துட்டோம்."

"போகட்டும். போறவனுக்கு உலகம் பூரா கடை திறந்து வச்சிருக்கீங்க. இருக்கிறவனுக்கு ஒரு எடம் வேண்டாமா? நான் இருப்பேன். என்னைய மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க. அவங்களுக்கு முன்னாடியும் போயி நீங்க பதிலக் கத்தணுமா?"

"கத்துறதா..." கம்பெனிக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாளை முகம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவர் ரேடியோவின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. நீங்கதானே முதல்ல சம்மதிச்சீங்க? இந்தப் பாடத்தையும் இடி பாடத்தையும் விட்டுடுறோம். மத்ததுலயும் கொஞ்சம் கொஞ்சம் அமைதி வச்சுக்கலாம். ஒரு மூச்சு அளவு."

"யாரோட மூச்சு?" என்றாள் அக்கா.

ரேடியோ காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "இல்லைங்க. வெட்டுறதா இருந்தா ஒண்ணும் தர மாட்டோம்."

"எதையுமேவா?"

"எதையுமே."

"அவசரப்படாதீங்க சார். யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். இவ்வளவு நேரம் நான் வேற என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைச்சீங்க?"

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஒலிக்கருவியின் கம்பியை, தேவையே இல்லாமல், சுருட்டிக்கொண்டிருந்தான்.

கம்பெனிக்காரர் நல்லவர்தாம். அவமதிப்பாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய வாய்ப்பு திரும்ப வராது என்பதை மட்டும் சொன்னார்; அது உண்மை. மறுத்துப் பேச யாராலும் முடியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து அவருடைய கைப்பேசியை ரேடியோ எடுத்துக் கொடுத்தான். அது குளிர்ந்து, முகம் வேர்த்திருந்தது. வாசலருகே சுவரில் ஒரு சிறு கண்ணாடி தொங்கியது. கம்பெனிக்காரர் செருப்பை மாட்டும்போது அதன் முன்னே நின்றார். வலக்கை தானாகப் பாதி உயர்ந்தது. சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"பதில் என்ன மேடம்? மேல் கீழ் ஏன் மாறல?"

"அண்ணி இன்னும் விரலத் தூக்கல," என்றாள் டீச்சர்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். படிகளில் காலடி மெதுவாகத்தான் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு டீச்சர் நாத்தனாரின் தோளைப் பிடித்து அழுத்தினாள். "நல்லா வீம்பு பிடிச்சீங்க அண்ணி. நானே படிச்சுட்டிருப்பேன்."

"வீம்பா? யாரு வீம்பு பிடிச்சா?" அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "எனக்கு நெசமாவே வரலடி! வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க எல்லாருமா சேந்து சந்தை கூட்டிட்டீங்க. மெஷின் ஓடுதா இல்லையாடா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பேசினதெல்லாம் பதிவாகியிருக்கும்."

"அழிச்சுட்டு முதல்லேருந்து எடு. நான் எங்க விட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

ரேடியோ சாவியை மறுபடியும் உள்ளே வைத்து ஃபிரிட்ஜை நிறுத்தினான். மதியத்துக்கென்று அடுப்பில் வைத்திருந்த உருளைக்கிழங்கை டீச்சர் இறக்கி மூடினாள். கதவு சாத்தப்பட்டது. கேள்வி மீண்டும் ஒரு முறை, ஒரு சொல் பிசகாமல், கேட்கப்பட்டது.

இம்முறை யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான். கம்பெனியின் ஊர்கள், கட்டிலடிப் புத்தகங்கள், நாளை என்ற சொல் எல்லாமே அந்த அமைதிக்குள் வந்து போயிருக்கும். போகட்டும் என்று உட்கார்ந்திருந்தான். அக்காவின் விரல் மேலே காட்டியது, கீழே காட்டியது, பக்கவாட்டில் காட்டியது. பிறகு, இதுவரை போகாத ஒரு திசையில், நேராக முன்னால், கண்ணாடி இருந்திருக்க வேண்டிய இடத்தை நோக்கி நீண்டது. அங்கேயே நின்றது. அவள் முகத்தில் புருவம் விலகியது.

நீண்டிருந்த விரல் அப்படியே எழுந்தது.

டீச்சர் தாளை நிமிர்த்திப் பதிலை வாசித்தாள். கண்ணாடி இடதையும் வலதையும் மாற்றுவதில்லை, மேலையும் கீழையும் மாற்றுவதில்லை, முன்னையும் பின்னையும் மட்டுமே மாற்றுகிறது என்று. பதிவு முடிந்ததும் அக்கா சொன்னாள்: "அது என்னைப் பாத்து நிக்குது, அவ்வளவுதான். இடது வலதெல்லாம் நானா திரும்பி நின்னு நினைச்சுக்கிட்டது." பிறகு உருளைக்கிழங்கு ஆறிவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

கண்ணாடிப் பாடம் அந்த மௌனம் முழுவதையும் சுமந்துகொண்டு வெளிவந்தது. டீச்சர் தோள்பையில் புத்தகங்களை நிரப்பிக்கொண்டு பள்ளிக்கூடங்களின் வாசலுக்கும் நூலகங்களின் வாசலுக்கும் நடந்தாள். சில இடங்களில் உட்காரச் சொன்னார்கள். சில இடங்களில் சொல்லவில்லை. கட்டிலடி அடுக்கு மெதுவாகத்தான் குறைந்தது, குறையாமலும் இல்லை.

முதலில் வாங்கியவர்களில் ஒருவர், பதிவு பாதியில் செத்துவிட்டது என்று புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். அதன் பிறகு அட்டையில் ஓர் அறிவிப்பு அச்சிட வேண்டும் என்று ரேடியோ சொன்னான். டீச்சர் எழுதினாள்; எழுதியதை உரக்க வாசித்தாள்.

"இந்தப் பதிவில் நீண்ட மௌனம் உண்டு. கருவி பழுதாகிவிட்டதென்று எண்ண வேண்டாம். அது உங்களுக்காக விடப்பட்ட இடம்."

"போதுமாக்கா?" என்று கேட்டான் ரேடியோ.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைச் சரிபார்த்தாள். அவர்கள் காத்திருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணு சேத்துக்கோ," என்றாள்.

அந்தப் புத்தகத்தை இன்று வாங்குபவர்கள் அட்டையின் அடியில் அதைக் காணலாம். அக்கா சொன்னதை டீச்சர் எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருக்கிறாள், வேறெதையும் மாற்றவில்லை.

"அவசரமுள்ளவர்கள் வாங்க வேண்டாம்."